சுத்தியல் தலைத் தட்டைப்புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படங்களில் பாதி இந்தப் புழுவாகத்தான் இருக்கும். குளியலறை வாசல், துவைக்கிற கல், துளசி மாடத்தின் அடி, மாடித்தோட்டத்துத் தொட்டி என்று எங்கெங்கோ எடுத்த படங்கள். கூடவே ஒரு வரி: "இது என்ன? பிள்ளைகள் விளையாடுகிற இடம், பயமாக இருக்கிறது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். இந்தப் புழுவின் மேல் எனக்குப் பல வருடப் பிரியம் உண்டு. அதற்காக எதையும் மறைத்தோ குறைத்தோ சொல்லவில்லை.

படத்தில் இருப்பது என்ன உயிர்?

தலை மட்டும் விசிறிபோல விரிந்து, உடம்பு நாடாபோல நீண்டு, முதுகில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது பெரும்பாலும் சுத்தியல் தலைத் தட்டைப்புழு. அறிவியல் பெயர் பைபேலியம் கியூவென்சே. நாடாப்புழுவுக்கும் ஆட்டுக்கு வரும் ஈரல் புழுவுக்கும் இது தூரத்துச் சொந்தம். ஆனால் அவற்றைப்போல இன்னொரு உயிரின் உடம்புக்குள் குடியிருப்பதில்லை. ஈர மண்ணில் தன்பாட்டுக்கு ஊர்ந்து இரை தேடும் வேட்டைப் புழு.

இதே தலையோடு வேறு பல இனங்களும் இருக்கின்றன. கியூவென்சேதானா என்று தெரிய முதுகைப் பாருங்கள். வெளிர் பழுப்பு உடம்பில் ஐந்து கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடும். தலையும் உடம்பும் சேரும் கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கும். மூன்றே கோடுகள் என்றால் அது வேறு இனம்.

பாம்புக்குட்டி இல்லையே? அட்டையும் இல்லையே?

இரண்டும் இல்லை. பூந்தொட்டிக்குள் கிடக்கும் புழுப்பாம்பைப் பலரும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். புழுப்பாம்புக்குச் செதில் உண்டு, உடம்பு பளபளவென்று உருண்டையாக இருக்கும், தொட்டால் துள்ளி ஓடும். அட்டைக்கு இரண்டு முனையிலும் ஒட்டுறுப்பு உண்டு. முன்முனையை ஊன்றி, பின்முனையை இழுத்து, சாண் அளப்பதுபோல நடக்கும். மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம். தட்டைப்புழுவிடம் செதிலும் வளையமும் ஒட்டுறுப்பும் கிடையாது. தண்ணீர் வழிவதுபோலச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும். அந்த நடையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

புழுப்பாம்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் இந்தத் தட்டைப்புழுவைப் போலவே செடித் தொட்டி மண்ணுக்குள் ஒளிந்து உலகம் சுற்றிய உயிர். அதில் ஆணே கிடையாது. ஒரே ஒரு பெண் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே குடித்தனம் தொடங்கிவிடும். தட்டைப்புழுவும் ஒற்றை ஆளாகவே ஊரை நிரப்பும். எப்படி என்பது கீழே வருகிறது.

எவ்வளவு நீளம் வளரும்?

சாதாரணமாக ஒரு சாணுக்குள். நன்றாக நீட்டிக்கொண்டால் 30 சென்டிமீட்டர் வரை போகும். அகலம் சில மில்லிமீட்டர்தான். தொட்டால் சட்டென்று சுருங்கிப் பாதியாகிவிடும் என்பதால் அளவை வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது. இதன் உறவுக்கார இனம் ஒன்று, பைபேலியம் நோபிலே, ஜப்பானில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வளர்கிறது.

சொந்த ஊர் எது?

தென்கிழக்கு ஆசியாவின் ஈரக்காடுகள். இந்த இனத்தை ஆழமாக ஆராய்ந்த லீ வின்சர் 1983-இல் எழுதிய கட்டுரையில், வியட்நாமிலிருந்து கம்போடியா வரையுள்ள பகுதியே இதன் தாயகம், அது மலேசியா வரைகூட நீளலாம் என்று கணித்தார். இன்றைக்கு வெப்பநாடுகள் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. குளிர்நாடுகளில் பெரும்பாலும் கண்ணாடிக் கூடங்களுக்குள் வாழ்கிறது. இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது.

தாயகம் அதுவென்றால், பெயரில் லண்டனின் கியூ தோட்டம் எப்படி வந்தது?

இந்தப் புழுவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1871 டிசம்பரில் சூரிய கிரகணம் பார்க்க வந்த குழுவோடு இலங்கைக்கு வந்தார். திருகோணமலையில் கிரகணத்தை ஆராய்ந்தார். வந்த இடத்தில் ஈர மண்ணில் ஊர்ந்த தட்டைப்புழுக்கள் அவர் கண்ணில் பட்டன. சேகரித்துக்கொண்டு போய் மெல்லிய சீவல்களாக அறுத்து, உடலமைப்பை வரைந்து, 1874-இல் இலங்கைத் தரைத் தட்டைப்புழுக்களைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். இலங்கையில் இந்தச் சுத்தியல் தலைப் புழுக்களின் உள்ளூர் இனங்கள் பல உண்டு. வானத்தைப் பார்க்க வந்தவர் குனிந்து மண்ணையும் பார்த்தார் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கிடையே 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பலில் கடல்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். அந்தச் சமயத்தில் லண்டனை ஒட்டிய கியூ தாவரவியல் தோட்டத்தில், வெப்பநாட்டுச் செடிகளுக்காகக் கட்டிய சூடான கண்ணாடிக் கூடத்தில் ஒரு நீளமான கோடு போட்ட புழு அகப்பட்டது. 1878-இல் மோஸ்லி அதைப் புதிய இனமாக விவரித்து, கிடைத்த இடத்தின் பெயரையே சூட்டினார். எந்தச் செடியோடு, எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறியது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கிழக்கிலிருந்து ஆர்க்கிட்களும் பெரணிகளும் மண்ணோடு பெட்டி பெட்டியாகக் கியூவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதே 1876-இல்தான் கியூவில் முளைக்க வைத்த ரப்பர் கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து இறங்கின. செடி போன வழியெல்லாம் மண் போனது. மண் போன வழியெல்லாம் புழுவும் போனது. வியட்நாம் காட்டு உயிருக்கு இங்கிலாந்துத் தோட்டத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

பைபேலியம் என்பது லத்தீனில் ஒரு வகை மண்வெட்டியின் பெயர். நம் ஊரில் பேர் வைத்திருந்தாலும் மண்வெட்டிப் புழு என்றுதான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

காட்டில் எப்படி வாழ்கிறது?

மழைக்காட்டின் தரையில் ஒரு கை அளவு சருகை விலக்கினால் தெரியும், கீழே எப்போதும் ஒரு ஈரம் நிற்கும். அந்த ஈரம்தான் இதன் வீடு. மட்கிய மரக்கட்டையின் அடி, கல்லின் அடி, மரப்பட்டையின் இடுக்கு, இதுபோன்ற இடங்களில் பகல் முழுக்கச் சுருண்டு கிடக்கும். இருட்டியபின் வெளியே வரும்.

இதற்கு நுரையீரல் இல்லை, செவுள் இல்லை, ரத்தமும் இல்லை. மூச்சு முழுக்கத் தோல் வழியாகத்தான். அதனால்தான் உடம்பு நாடாபோலத் தட்டையாக இருக்கிறது. எந்த மூலையில் இருக்கும் தசைக்கும் காற்று ஊறிப் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே. ஆனால் ஈரத்தோல் என்றால் வெயிலும் காற்றும் எமன். மண்புழுவுக்கு இருக்கிற பாதுகாப்புகூட இதற்குக் கிடையாது. சிமெண்டுத் தரையில் விடிந்த பிறகு மாட்டிக்கொண்ட புழு, ஒன்பது மணி வெயிலில் ஒரு காய்ந்த கயிறு ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடப்பது வயிற்றின் நடுவே ஓடும் ஒரு மெல்லிய பட்டையால். அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அடர்ந்திருக்கும். புழு தன் கோழையைத் தானே தரையில் விரித்து, அதன்மேல் அந்த இழைகளால் துடுப்புப் போடுகிறது. உயரத்திலிருந்து இறங்க வேண்டுமானால் அந்தக் கோழையையே நூலாக்கித் தொங்கி இறங்கும். ஒருநாள் இரவு எங்கள் முற்றத்து வாழை இலையின் நுனியிலிருந்து ஒன்று அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் நூல் தெரியவில்லை, அந்தரத்தில் ஒரு கோடு மட்டும் மெதுவாகச் சுழன்றது.

தலை ஏன் அப்படி விரிந்திருக்கிறது?

மோப்பம் பிடிக்க. தலையின் விளிம்பில் நெடுகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. மண்புழு போன தடத்தில் இருக்கும் ரசாயன வாசனையை அவை பிடிக்கும். ஊரும்போது தலையைத் தரையிலிருந்து சற்றே தூக்கி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் வாசனை கூடுதலோ அந்தப் பக்கம் திரும்பும். அகன்ற தலை என்றால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது சுலபம். கண்களும் உண்டு, நூற்றுக்கணக்கில். ஆனால் அவை பொட்டுப் பொட்டாக வெளிச்சம், இருட்டு என்பதை மட்டும் அறியும். உருவம் தெரியாது. உங்களை அது பார்க்கவில்லை, டார்ச்சிலிருந்துதான் விலகி ஓடுகிறது.

என்ன தின்னும்?

மண்புழு. கியூவென்சேக்கு முதன்மை இரை அதுதான். ஒரு கார்த்திகை இரவில் பார்த்ததை எழுதுகிறேன், புத்தகத்தில் படித்ததைவிட அது தெளிவாக மனதில் இருக்கிறது.

தொட்டியை வைத்திருந்த செங்கல்லை நகர்த்தினேன். ஒரு விரல் நீள மண்புழுவும் இந்தப் புழுவும் ஏற்கெனவே பின்னிக்கொண்டு கிடந்தன. டார்ச் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மண்புழு துள்ளியது, புரண்டது, முறுக்கிக்கொண்டது. தட்டைப்புழு விடவில்லை. தன் உடம்பின் ஓரங்களை இருபுறமும் மடித்து, கோழையால் ஒட்டி, போர்வைபோல மேலே கவிழ்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் துள்ளல் தளர்ந்தது. பிறகு புழுவின் வயிற்றின் நடுவிலிருந்து வெள்ளையாக ஏதோ பிதுங்கி வந்தது. நனைந்த வெள்ளைத் துணியை விரித்ததுபோல அது மண்புழுவின் மேல் பரவியது. அதுதான் அதன் தொண்டை. வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து தொண்டையை வெளியே தள்ளி, செரிமான நீரை இரையின்மேல் ஊற்றி, இரை கரையக் கரைய உறிஞ்சிக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் கழித்துப் புழு நகர்ந்தபோது சுருங்கிய தோல் மட்டும் கிடந்தது. தட்டைப்புழுவின் நடு உடம்பு தடித்து, கோடுகள் விலகித் தெரிந்தன.

மலம் போக வேறு வழி கிடையாது. அதே வாய்தான். குடல் மூன்று கிளை: ஒன்று தலைப் பக்கம், இரண்டு வால் பக்கம். இரை கிடைக்காத காலத்தில் தன் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் செலவழித்து, அளவில் சுருங்கி உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

விஷம் உண்டா? தொட்டால் என்ன ஆகும்?

உண்டு. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கியூவென்சேயிலும் அதன் உறவான இன்னோர் இனத்திலும் டெட்ரோடோடாக்சின் இருப்பது உறுதியானது. மீனவர்களைக் கேட்டால் பேத்தை மீனைத் தொடவே கூடாது என்பார்களே, அந்த மீனில் இருக்கும் அதே விஷம். நரம்பு வழியாகச் செய்தி போக உதவும் சோடியம் வாசல்களை அது அடைத்துவிடும். முதுகெலும்பில்லாத தரைவாழ் உயிர் ஒன்றில் இந்த விஷம் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. தன்னைவிடப் பெரிய மண்புழுவை அடக்கவும், தின்ன வருகிறவற்றை விரட்டவும் இது பயன்படுகிறது என்று கருதுகிறார்கள்.

இதைக் கேட்டுப் பதறிவிடாதீர்கள். புழுவுக்குப் பல் இல்லை, கொடுக்கு இல்லை, உங்கள் தோலுக்குள் எதையும் செலுத்த அதனால் முடியாது. விஷத்தின் அளவும் மிகச் சிறியது. வெறுங்கையால் எடுத்தால் சிலருக்கு அரிப்பு, எரிச்சல் வரலாம். கையுறையோ ஒரு குச்சியோ போதும். தெரியாமல் தொட்டுவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், கழுவும்வரை கண்ணிலும் வாயிலும் கை வைக்காதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எதையும் எடுத்து வாயில் வைக்கும் வயது அல்லவா.

நாய், பூனை, கோழி தின்றுவிட்டால்?

பெரும்பாலும் நக்கிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். கோழை அவ்வளவு கசப்பும் ஒட்டலும். விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தாலோ சோர்ந்து படுத்தாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், முடிந்தால் புழுவின் படத்தோடு.

வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புழு ஆகுமாமே, உண்மையா?

உண்மை. அதனால்தான் மண்வெட்டியால் கொத்தாதீர்கள், விளக்குமாற்றால் அடிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

நீங்கள் வெட்ட வேண்டும் என்றுகூட இல்லை, அதுவே செய்துகொள்ளும். வால் நுனியைத் தரையில் ஒட்டிக்கொண்டு உடம்பின் மற்ற பகுதி முன்னே நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டு பின்னால் நிற்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு துண்டுகள் இப்படிப் பிரியும். பிரிந்த துண்டு உடனே ஊரத் தொடங்கிவிடும், ஏழு முதல் பத்து நாளுக்குள் அதற்குத் தலை உருவாகிவிடும். உடம்பெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு வகைத் தாய்ச்செல்கள்தான் இதற்குக் காரணம். தோல், தசை, நரம்பு, கண் என்று எதுவாகவும் அவை மாறும். ஒரே புழு துண்டு துண்டாகப் பெருகி ஒரு தோட்டத்தையே நிரப்பும்போது அத்தனையும் ஒரே உயிரின் நகல்கள்.

இந்த வித்தையைச் சார்லஸ் டார்வினும் செய்து பார்த்திருக்கிறார். பீகிள் கப்பல் பயணத்தில் தென்பாதி உலகில் மட்டும் பன்னிரண்டு வகைத் தரைத் தட்டைப்புழுக்களைக் கண்டார். டாஸ்மேனியாவில் பிடித்தவற்றை ஏறக்குறைய இரண்டு மாதம் கப்பலில் வளர்த்தார். ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். பதினைந்து நாளில் இரண்டும் முழுப் புழுவின் வடிவத்துக்கு வந்துவிட்டன. மட்கிய மரம்தான் அவற்றின் உணவு என்று நினைத்து அதையே போட்டு வளர்த்திருக்கிறார். அதில் மட்டும் அவர் கணிப்புத் தவறு. இவை எல்லாமே வேட்டைப் புழுக்கள்.

முட்டை இடுவதில்லையா?

இடும். ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். வெப்பநாடுகளில் முட்டைக்கூடு இடுகிறது. புதிதில் சிவப்பாக இருக்கும் கூடு ஒரு நாளுக்குள் கறுத்துவிடும், மூன்று வாரத்தில் குஞ்சுகள் வரும். குளிர்நாடுகளில் குடியேறியவை துண்டாகப் பிரிந்தே காலம் தள்ளுகின்றன.

நம் வீட்டுக்கு எப்படி வந்தது?

செடித் தொட்டி வழியாக. பெரும்பாலும் இதுதான் பதில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நர்சரியில் அந்தூரியம் வாங்கி வந்தேன். இலை, பூ எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், தொட்டியைத் தூக்கி அடியைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அடித்தட்டில் இரண்டு புழுக்கள், வடிகால் ஓட்டையில் இன்னொன்றின் வால். என் தோட்டத்து மண்புழுக்களுக்கு அந்த வருடம் நல்ல வருடம் இல்லை.

ஐரோப்பாவில் நடந்ததைக் கேட்டால் இது எவ்வளவு சுலபம் என்று புரியும். பிரான்சில் சாதாரண மக்கள் 1999 முதல் தங்கள் தோட்டங்களில் இந்தச் சுத்தியல் தலைப் புழுக்களைப் பார்த்துப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம், ஊரே பார்த்திருக்கிறது, ஆனால் விஞ்ஞானிகள் கண்ணில் ஏறக்குறைய இருபது வருடம் படவில்லை. பிரெஞ்சு விலங்கியலாளர் ஜான்-லூ ஜஸ்டீனும் அவர் கூட்டாளிகளும் மக்கள் அனுப்பிய படங்களைத் திரட்டி 2018-இல் வெளியிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆகவே நீங்கள் எடுக்கும் படம் சும்மா இல்லை.

புதிதாக வாங்கிய செடியை ஒரு மாதம் தனியாக வையுங்கள். மழை ஓய்ந்த இரவில் தொட்டியைத் தூக்கி அடித்தட்டையும் ஓட்டைகளையும் பாருங்கள். மற்றத் தொட்டிகளோடு சேர்ப்பது அப்புறம் ஆகட்டும்.

மண்புழு உரத் தொட்டியில் பார்த்தேன். என்ன செய்வது?

உடனே கவனியுங்கள். ஒரே இடத்தில் மண்புழு நெருங்கிக் கிடக்கும் தொட்டி இதற்குக் கல்யாணப் பந்தி. தொட்டியின்மேல் ஈரச்சாக்கு போட்டு மூடுகிறோம் அல்லவா, அதன் அடிமடிப்பில்தான் பகலில் ஒளிந்திருக்கும். விடியற்காலையில் சாக்கைத் தூக்கி, திருப்பி, ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துப் பொறுக்குங்கள். துண்டு விட்டுப்போனால் பத்து நாளில் அது வேட்டைக்கு இறங்கிவிடும் என்பதால் குறைந்தது ஒரு மாதம் விடாமல் பார்க்க வேண்டும். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். தட்டைப்புழுவுக்கு முன்னால் உங்கள் மண்புழுதான் சாகும்.

வயலில் எவ்வளவு சேதம் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம், வேறோர் இனத்தைப் பற்றியது. நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு தரைத் தட்டைப்புழு 1963-இல் பெல்பாஸ்டில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. பிறகு வட அயர்லாந்தில் புல்வெளிகளில் நடத்திய ஆய்வில், அது பெருகிய இடங்களில் மண்புழுக்களின் மொத்த எடை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டார்கள். ஆழமாக வளை தோண்டும் மண்புழு இனங்களுக்குத்தான் பெரிய அடி. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதே அந்த வளைகள் வழியாகத்தானே.

அப்படியானால் பார்த்த இடத்தில் கொல்ல வேண்டுமா?

எங்கே பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சருகுக்கடியில் பார்த்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அங்கே நம் மண்ணுக்கே உரிய தரைத் தட்டைப்புழு இனங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை இன்னும் யாரும் சரியாகப் படிக்கக்கூட இல்லை. மண்புழுவைத் தின்பது அந்தக் காட்டின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்ட செலவு. சுத்தியல் தலை என்பதற்காகவே ஒன்றை நசுக்கினால், பேர் வைக்காத ஓர் உயிரை நசுக்கியிருக்கக்கூடும்.

வீட்டுத் தொட்டியில், நர்சரியில், உரத் தொட்டியில் ஐந்து கோட்டுக் கியூவென்சே என்றால் அகற்றுவதுதான் சரி என்பது என் முடிவு. எனக்கு அது சுலபமான வேலை இல்லை, இருந்தாலும் செய்கிறேன். குச்சியால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு, உப்பையோ வினிகரையோ ஊற்றி மூடிவிடுங்கள். சீக்கிரம் முடிந்துவிடும். உப்பைத் தொட்டி மண்ணில் கொட்டாதீர்கள், செடி கருகும். கவரில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைப்பதும் ஒரு வழி. உயிரோடு சாக்கடையிலோ பக்கத்துக் காலிமனையிலோ எறிவது கூடாது.

ஆப்பிரிக்க நத்தைத் தொல்லை தாங்க முடியவில்லை. நத்தை தின்னும் தட்டைப்புழுவை விட்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். இந்த யோசனை ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்துக் கைசுட்டுக்கொண்ட யோசனை. கியூவென்சே நத்தையைத் தேடிப் போவதில்லை. நத்தை தின்பது நியூ கினியைச் சேர்ந்த பிளாட்டிடீமஸ் மனோக்வாரி. 1960-களில் விவரிக்கப்பட்ட இனம், தலை சுத்தியல் போல் இருக்காது, முதுகின் நடுவே ஒரு வெளிர்கோடு ஓடும். ராட்சத ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கும் என்று நம்பிப் பிலிப்பைன்ஸ், மாலத்தீவு என்று சில இடங்களில் வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். நத்தை குறைந்தது உண்மைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. மரத்தின்மேல் ஏறியும் வேட்டையாடும் அந்தப் புழு, பசிபிக் தீவுகளில் வேறெங்கும் இல்லாத சின்ன மரநத்தைகளையும் தின்றது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் இன்று அதுவும் இருக்கிறது. நத்தையை மாலையில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளித் தழை போட்டு வரவழைத்துப் பொறுக்குங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் திருப்பி எடுக்க முடியாத தவறு இல்லை.

இதைத் தின்ன எதுவுமே இல்லையா?

மிகக் குறைவு. சுவையும் விஷமும் பெரும்பாலானவற்றை விலக்கி வைக்கின்றன. சில சமயம் ஒன்றையொன்று தின்னும். அதன் பெரிய எதிரி பங்குனி வெயில்.

படம் எடுத்து அனுப்புகிறேன். எப்படி எடுத்தால் இனம் சொல்ல முடியும்?

உயிரோடு, ஊரும்போது எடுங்கள். செத்த புழுவை டப்பாவில் போட்டுக் கொண்டுவருகிறார்கள், திறந்தால் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. உயிர் போனதும் உடம்பு முழுக்க இளகிக் கரைந்துவிடும். அப்படிக் கரையும் வேகத்தை வேறெந்த உயிரிலும் பார்த்ததில்லை என்று டார்வினே குறித்திருக்கிறார்.

ஈரமான வெள்ளைத் தட்டில் விடுங்கள், சுருங்கியிருந்தால் விளக்கை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், தானே நீட்டிக்கொள்ளும். முதுகுக்கு நேர் மேலிருந்து ஒன்று, கழுத்துப் பட்டை தெரியும்படி தலைக்கு மிக அருகில் ஒன்று, கண்ணாடிமேல் ஊரவிட்டு வயிற்றுப்புறம் அடியிலிருந்து ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். ஊர், தேதி, எந்தச் செடியின் அருகே என்பதையும் எழுதுங்கள். அந்தச் செடி எப்போது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.